வீடு தேடி வந்த நொத்தாரிசு

"இஞ்சருங்கோ, நொத்தாரிசு மனுசி வந்து வாசலிலை நிக்கிறா. ராகுகாலம் இன்னும் முடியேல்லை."

தாட்சாயினி இதைச் சொன்னபோது நகுலேஸ்வரன் சாமியறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று ஒரு கடதாசியின் நான்கு மூலைகளுக்கும் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். விரலைத் துடைத்துக்கொண்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தார். கம்பளித் தொப்பியும் முழங்கால் வரை சப்பாத்துமாக ஒரு வெள்ளைக்கார அம்மா கறுப்புத் தோற்பெட்டியோடு நின்று காலில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டிருந்தார்.

"பேந்தல்லோ வரச் சொன்னது?"

"இதுக்கு முந்திப் போக இருந்த வீட்டிலை ஆள் இல்லையாம். அதாலை நேரத்தோடை வந்திட்டாவாம்."

மொன்றியலில் தண்ணீர்க் குழாய் திருத்துகிறவனுக்காக வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவர் நகுலேஸ்வரன். இந்த ஊரில் சொன்ன நேரத்துக்கு முந்தி வந்த முதல் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார். அதுவும் ராகுகாலத்தில்.

அவர் நொத்தாரிசின் கந்தோருக்குப் போயிருக்கலாம். ஆனால் இலையுதிர் காலத்தில் இதயக் குழாய் ஒன்று அடைத்து, ஆஸ்பத்திரியில் அதற்குள் ஒரு சின்னக் கம்பி வலை வைத்து அனுப்பியிருந்தார்கள். குளிரில் அலையக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மனதைப் போட்டு வருத்தக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கி முத்திரை குத்திக் கொடுக்கிற மதாம் ஒடெத்தைத் தேடிப் பிடித்தார்.

கடதாசி அவருடைய ஒரே மகன் தனுஜனுக்கானது. தனுஜன் இதுவரை யாரையும் மணம் முடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிற கடதாசி. அது போய்ச் சேர்ந்தால்தான் யாழ்ப்பாணத்தில் தியாகராசாவின் மகள் சாருஜாவோடு கலியாணத்தைப் பதிவு செய்யலாம். மொன்றியலுக்குப் பக்கத்தில் டொலார்டில் இருக்கிற ஒரு குடும்பம் அன்று மாலை ஊருக்குப் பறக்கிறது. கையோடு கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

தியாகராசா சாதாரணச் சிநேகிதன் இல்லை. சண்டைக் காலத்தில் நகுலேஸ்வரனைக் கொழும்பில் பிடித்துக்கொண்டு போனபோது, தன் உயிரையும் பாராமல் ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கி ஆளை வெளியே எடுத்தவன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்த நகுலேஸ்வரனுக்கு முதலில் ஞாபகம் வந்த முகம் அவனுடையதுதான். அங்கேயிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டு, "உன்ரை பிள்ளை என்ரை வீட்டுக்கு வரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற தனுஜன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "சரியப்பா" என்றான். வாய் தவறிய சொல்லைக்கூடத் திருப்பி எடுக்காத மனிதர் நகுலேஸ்வரன். இது நெஞ்சைத் தொட்டுக் கொடுத்த சொல்.

"வந்த ஆளை வாசலிலை நிப்பாட்டிறதே? உள்ளுக்கை கூப்பிடுங்கோ," என்றார் தாட்சாயினி. "ஆனா ராகுகாலம் முடியுமட்டும் கடதாசியை வெளியிலை எடுக்கக் கூடாது. நான் தேத்தண்ணி போடுறன்."

தாட்சாயினி ராகுகாலம் பார்க்கிற ஆளே இல்லை. புதுக் கார் எடுத்தபோது, "அவன் வேலை முடிஞ்சு வீட்டை போகப் போறான்" என்று ராகுகாலத்திலேயே திறப்பை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தவர். பிள்ளையின் கலியாணம் என்று வந்தால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் பயம் பிடிக்கும் என்று நகுலேஸ்வரன் நினைத்துக்கொண்டார். அந்தப் பயம் அவருக்குப் பிடித்திருந்தது.

மதாம் ஒடெத் கதிரை நுனியில் இருந்தார். கண்ணாடியை மாட்டினார். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து, "பத்திரத்தை முதலில் வாசிக்கலாமா?" என்று கேட்டார்.

"இப்ப வேண்டாம், மதாம். வானத்திலை ஒரு பாம்பு நிக்குது."

மதாம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

நகுலேஸ்வரன் மருந்துக் களஞ்சியத்தில் இத்தனை வருஷமாகப் பெட்டி அடுக்கிப் பழகிய பிரெஞ்சில் ராகுவை விளக்க முயன்றார். அந்தப் பிரெஞ்சில் பெட்டி, பாரம், கவனம், மேலே, கீழே என்ற சொற்கள் நிறைய இருந்தன. பாம்புக்கும் சூரியனுக்கும் அவை போதவில்லை. "பாம்பு மேலே. சூரியனை விழுங்கும். கவனம். பாம்பு கீழே போன பிறகு கையெழுத்து," என்றார்.

மதாம் ஒடெத்தின் முகம் கனிவாக மாறியது. குரலைத் தாழ்த்தி, "மிசியு, இன்று என்ன கிழமை? இது என்ன மாதம்? இப்போது நாம் எந்த ஊரில் இருக்கிறோம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையெழுத்து வைப்பவரின் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது நொத்தாரிசின் கடமை.

ராகுகாலம் கணிக்கிற மனிதருக்குக் கிழமை தெரியாமல் இருக்குமா? எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொன்னார். ஆனால் சொந்த வீட்டிலேயே பைத்தியமா என்று சோதிக்கப்பட்டதில் மனம் கொஞ்சம் சுருங்கிப்போனது.

தேத்தண்ணியோடு ரோல்ஸ் வந்தது. ரோல்ஸுக்குப் பின்னால் இடியப்பமும் சொதியும் வந்தன. மதாம் வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். "சம்பல் இல்லாமல் என்ன இடியப்பம்?" என்று தாட்சாயினி குசினிக்குப் போய் மிக்ஸியைப் போட்டார். அது வீடே அதிரும்படி நெடுநேரம் ஓடியது. நகுலேஸ்வரனுக்கு இடையில் தெருவில் ஏதோ ஊதுவது மாதிரி இருந்தது. தன் காதுதான் இரைகிறது என்று விட்டுவிட்டார்.

ஒருவழியாகப் பாம்பு இறங்கியது. அவர் எழுந்து போய்க் கடதாசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். மதாம் மஞ்சளை முகர்ந்து பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"இங்கே ஏற்கெனவே கையெழுத்து இருக்கிறதே. இது யாருடையது?"

"என்ரை," என்றார் நகுலேஸ்வரன் பெருமையாக. "உங்களுக்கு நேரம் மிச்சமாகட்டும் எண்டு காலமையே வச்சிட்டன்."

"பத்திரம் உங்கள் மகனுடையது அல்லவா?"

"ஓம். நான் தேப்பன்."

"மகனுக்கு என்ன வயது?"

"முப்பது. அவன்ரை பள்ளிக்கூட றிப்போட்டெல்லாத்திலையும் நான்தான் வச்சனான். ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை."

மதாம் ஒடெத் பேனாவை மூடினார். முப்பது வயது மகன் தான் மணமாகாதவன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும், தன் கையாலேயே நொத்தாரிசின் கண் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும், இந்தத் தாள் இனி எதற்கும் உதவாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நகுலேஸ்வரனின் முகம் வாடியதைக் கண்டு, "பரவாயில்லை, காரில் அச்சு இயந்திரம் வைத்திருக்கிறேன். புதிதாக அடித்துத் தருகிறேன். மகனை வரச் சொல்லுங்கள்," என்றார்.

"அவன் சென்ட் லோரன்டிலை வேலையிலை நிக்கிறான். விமானத்துக்குச் சாமான் செய்யிற இடம். நடுவிலை விடமாட்டாங்கள்," என்றார் தாட்சாயினி அவசரமாக. "இன்னொரு நாளைக்குப் பாப்பமே, என்னப்பா?"

"இன்னொரு நாளைக்கு ஆர் ஊருக்குப் போகினம்?" என்று சொல்லி நகுலேஸ்வரன் தொலைபேசியை எடுத்தார். "தம்பி, உடனை வீட்டை வா. நொத்தாரிசு வந்து நிக்கிறா."

மறுமுனையில் அவன் யாரிடமோ ஏதோ சொல்லி இயந்திரத்தை நிறுத்துவது கேட்டது.

"தம்பி?"

"வாறன் அப்பா," என்றான் தனுஜன்.

இதற்கிடையில் மதாம் காருக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். கார் நின்ற இடம் சுத்தமாக, கறுப்பாக, வழித்துத் துடைத்தபடி இருந்தது. பனி அள்ளுகிற நகரசபை வண்டிகள் வந்து ஊதி எச்சரித்திருக்கின்றன. யாரும் எடுக்காத காரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் இருக்கிற அஹுன்ட்சிக் பக்கத்தில் குழந்தைகூட அந்த ஊதலைக் கேட்டால் அப்பாவின் கார்த் திறப்பைத் தேடும்.

"சைரன் ஊதினது உமக்குக் கேக்கேல்லையோ?" என்று நகுலேஸ்வரன் மனைவியைக் கேட்டார்.

"மிக்ஸி போட்டுக்கொண்டு நிண்டனான், எப்பிடிக் கேக்கும்?" என்றார் தாட்சாயினி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

வீடு தேடி வந்த நொத்தாரிசு இப்போது கார் தேடி நின்றார். இழுத்த காரைப் பக்கத்துத் தெரு எதிலாவதுதான் விட்டிருப்பார்கள். தன் வீட்டு இடியப்பத்தால் காரைத் தொலைத்த பெண்ணைத் தனியே அனுப்ப நகுலேஸ்வரனுக்கு மனம் வரவில்லை. டொக்டர் சொன்னதையெல்லாம் ஒருபக்கம் வைத்துவிட்டு, வேட்டிக்கு மேலே குளிர்க் காற்சட்டையை ஏற்றிக்கொண்டு கூடவே நடந்தார். இரண்டு பேரும் ஒவ்வொரு தெருவாகப் பனிக்குள் புதைந்த கார்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

நடக்கும்போது மதாம் கேட்டார். "உங்கள் மகனுக்கு இந்தத் திருமணத்தில் சந்தோஷமா?"

"அவன் சரி எண்டவன்."

"நான் சந்தோஷமா என்று கேட்டேன், மிசியு."

நகுலேஸ்வரன் நடப்பதை நிறுத்தினார். மூச்சு வாங்கியது, அது மட்டும் காரணமில்லை. அந்தக் கேள்வியை அவர் தனுஜனிடம் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாதகம் கேட்டார், விடுமுறை எப்போது என்று கேட்டார், கோட்டுக்கு அளவு கேட்டார். இதை மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றும் அவருக்குத் தெரியும். மகன் வேறு விதமாகப் பதில் சொல்லிவிட்டால் தியாகராசாவின் முகத்தில் எப்படி முழிப்பது? அந்தப் பயம்தான். அவருக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

"இருக்குமெண்டுதான் நினைக்கிறன்," என்றார்.

"மற்றவர்கள் கேட்க மறந்ததை நான் எப்போதும் கேட்டுப் பார்ப்பேன்," என்றார் மதாம் ஒடெத். "அதோ என் கார்."

அச்சு இயந்திரத்தை நானே தூக்குவேன் என்று நகுலேஸ்வரன் அடம் பிடிக்க, இதய நோயாளியைத் தூக்க விடமாட்டேன் என்று மதாம் அடம் பிடிக்க, கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலிலேயே தொலைபேசி அடித்தது.

"மச்சான், கடதாசி முடிஞ்சுதோ?" யாழ்ப்பாணத்திலிருந்து தியாகராசா. "நாங்கள் படுக்கேல்லை, உன்ரை சொல்லுக்குத்தான் முழிச்சிருக்கிறம்."

"முடிஞ்ச மாதிரித்தான், மச்சான். நீ போய்ப் படு," என்றார் நகுலேஸ்வரன். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

தனுஜன் வந்திருந்தான். வேலைச் சட்டையோடு மேசைக்கு முன்னால், சோதனை எழுத வந்த பிள்ளை மாதிரி இருந்தான். புதுக் கடதாசி இளஞ்சூட்டோடு அவன் முன்னால் வந்தது. நகுலேஸ்வரன் அதற்கும் ஒரு மூலையில் அவசரமாக மஞ்சள் தடவினார்.

"அடையாள அட்டை?" என்று மதாம் கேட்டார்.

தனுஜன் இரண்டு பொக்கற்றையும் தட்டினான். "பேர்சை வேலையிடத்து லொக்கரிலை விட்டிட்டு வந்திட்டன்."

"சாரதிப் பத்திரம்? மருத்துவ அட்டை?"

"எல்லாம் அதுக்குள்ளைதான்."

"பாஸ்போட் அலுமாரியிலை கிடக்குமே," என்றார் நகுலேஸ்வரன்.

"அது புதுப்பிக்க அனுப்பினதெல்லோ," என்றார் தாட்சாயினி.

"எப்ப அனுப்பினது?"

"அனுப்பினது."

சாண் ஏற முழம் சறுக்குகிறது என்பது இதுதான். மதாம் ஒடெத் ஆள் யாரென்று தெரியாமல் முத்திரை குத்த முடியாது என்று தோற்பெட்டியைப் பூட்டத் தொடங்கினார். நகுலேஸ்வரன் அவருக்கு முன்னால் போய் நின்றார். அதிகாரிகளிடம் கெஞ்சி அவருக்குப் பழக்கமில்லை. கொழும்பில் பிடித்து வைத்திருந்தபோதுகூடக் கெஞ்சவில்லை.

"மதாம், எனக்கு எத்தினை நாள் இருக்கெண்டு தெரியாது. என்ரை உயிரைக் காப்பாத்தினவனுக்குச் சொன்ன சொல்லு இது. ஏதாவது வழி இருந்தாச் சொல்லுங்கோ."

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஒரு வழி இருக்கிறது," என்றார். "இவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் வந்து, இவர் இன்னார்தான் என்று என் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அவர் உறவினராக இருக்கக் கூடாது. இந்தப் பத்திரத்தால் அவருக்கு லாபமோ நட்டமோ வரவும் கூடாது."

"வேலை நாளிலை ஆர் வீட்டிலை இருக்கப் போகினம்?" என்றார் தாட்சாயினி.

"மேல்வீட்டிலை ஞானம் இருக்கிறாரே."

"அவருக்குக் காய்ச்சல்."

"காலமைதானே எங்கடை வாசல் பனியையும் சேத்துத் தள்ளிவிட்டவர்?"

"அதாலைதான் காய்ச்சல்."

"அப்பா, வேண்டாம்," என்று தனுஜன் எழுந்தான். "மேலை போகாதேங்கோ. இதை இண்டைக்கு விடுவம்."

பிள்ளை தன் நெஞ்சு வருத்தத்தை நினைத்துத் தடுக்கிறான் என்று நகுலேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. "எனக்கொண்டும் செய்யாது, ராசா," என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, வெளிப்பக்க இரும்புப் படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். படியில் உறைபனி கிடந்தது. பாதியில் நின்று மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறினார்.

ஞானசுந்தரம் மட்டக்களப்பு மனிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். மனைவி கிளியோடும் மகள் வதனியோடும் மேல்வீட்டுக்கு வந்த நாள் முதல் இரண்டு குடும்பமும் ஒரே உப்பில் சமைத்துச் சாப்பிடாத குறைதான். வதனி தாதி. நகுலேஸ்வரன் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையை நாள்வாரியாகப் பிரித்து வைப்பதெல்லாம் அந்தப் பிள்ளைதான். சொந்தப் பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

கதவைத் திறந்த ஞானசுந்தரம் விஷயத்தைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நானா அண்ணன்? வேற ஆரையும் பாப்பமே."

"ஞானம், உமக்குக் காய்ச்சலோ?"

"காய்ச்சல் ஒண்டும் இல்ல."

"அப்ப வாரும். கீழை வந்து இவன் தனுஜன்தான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். இந்த உதவியை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

ஞானசுந்தரம் அவருடைய கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கவனமாக இறக்கிக்கொண்டு வந்தார். வழியில் இரண்டு தடவை, "அண்ணன், ஒரு விசயம்," என்று தொடங்கினார். இரண்டு தடவையும் நகுலேஸ்வரன், "எல்லாம் பேந்து கதைப்பம், நேரம் போகுது," என்றார்.

தாட்சாயினி குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனுஜன் தலை குனிந்திருந்தான். இவ்வளவு பாடுபட்டும் ஒருவர் முகத்திலும் கலியாணக் களை இல்லையே என்று நகுலேஸ்வரனுக்கு வருத்தமாக இருந்தது. அலைச்சல்தான், வேறென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மதாம் ஒடெத் எழுந்து நின்று வலக்கையை உயர்த்திக் காட்டினார். ஞானசுந்தரம் நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டுத் தானும் கையை உயர்த்தினார்.

"உண்மையை மட்டுமே சொல்வதாகச் சத்தியம் செய்கிறீர்களா?"

"செய்யிறன்."

"இந்த இளைஞரை உங்களுக்குத் தெரியுமா?"

"வடிவாத் தெரியும்."

"நீங்கள் இவருக்கு உறவா?"

"உறவில்லை, மதாம்," என்று நகுலேஸ்வரன் முந்திக்கொண்டார். "நாங்கள் யாழ்ப்பாணம், அவர் மட்டக்களப்பு. நாங்கள் சைவம், அவர் வேதம். எந்தப் பக்கத்தாலையும் உறவு வராது. நீங்கள் பயமில்லாமல் எழுதுங்கோ."

"அவரே சொல்லட்டும்," என்றார் மதாம்.

ஞானசுந்தரம் தாட்சாயினியைப் பார்த்தார். தாட்சாயினி கண்ணை மூடிக்கொண்டார். உயர்த்திய கையை இறக்காமலே அவர் நகுலேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"அண்ணன், கைய உயர்த்திக்கொண்டு பொய் சொல்ல ஏலாது. என்ட வதனியத் தம்பிக்குக் கட்டிக் குடுத்தது நான்தான். அண்டைக்குத் தம்பி பக்கத்துச் சாட்சியா நிண்டு கையெழுத்து வெச்சவ தாட்சாயினி அக்காதான்."